நொண்டத் தெரியாத கால்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் மூன்று மாதமாகப் புண். ஆனால் வலியே இல்லை என்கிறார். பயப்பட வேண்டாம்தானே?” கூடவே ஒரு விஷயம். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டுதான் கிளம்புவாராம். தெருமுனையில் பார்த்தால் ஒரு கால் வெறுங்காலாக இருக்குமாம். கழன்றது அவருக்குத் தெரியாது.

பதில் அந்தச் செருப்பில்தான் இருக்கிறது.

சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தால் நரம்புகள் கெடும். நீளமானவை முதலில், அதனால்தான் பாதம். உணர்ச்சி மங்கும், வியர்வை நின்று குதிகால் வெடிக்கும், சின்னத் தசைகள் மெலிந்து விரல்கள் மடங்கும், எலும்பு முனைகள் கீழே துருத்தும். சிலருக்கு ரத்தக்குழாய் அடைப்பும் சேரும். இதெல்லாம் கேள்விப்பட்டதுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வருகிறவர்களின் காலைப் பாருங்கள். ஒருவர் குதிகாலை ஊன்றாமல் வருவார், இன்னொருவர் பாதத்தின் ஓரத்தில் நடப்பார். ஓரிடம் கன்றத் தொடங்கியதுமே, நம்மைக் கேட்காமலே உடம்பு எடையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறது. நொண்டுவதும் ஒரு வைத்தியம்தான். மரத்த காலுக்கு அது தெரியாது. முதல் அடி விழுந்த அதே புள்ளியில் பத்தாயிரமாவது அடியும் விழும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். அந்தக் காய்ப்பே செருப்புக்குள் சிக்கிய கூழாங்கல் மாதிரி உள்சதையை நசுக்கும். டாக்டர் அதைச் சீவும்போது அடியில் கறுத்த ரத்தக்கட்டும், சில சமயம் முழுப் புண்ணுமே இருக்கும்.

1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மரத்த கால்களில் இதைக் கவனித்தார். அவர்களுடைய சதையே கெட்டது, ஆறாது என்று நம்பிய காலம் அது. மாவுக்கட்டுப் போட்டுக் காத்தபோது புண்கள் ஆறின. ஆறவிடாமல் செய்தது நடைதான். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் இதே பாடம் சர்க்கரைக் கால்களுக்கும் கைகொடுத்தது.

பாதத்தோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழ்வரை போடும் அந்தக் கட்டு, ஒரு புள்ளியில் இறங்கும் எடையைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்கால்வரையும் பரப்பிவிடும். பல புண்கள் சில வாரங்களில் மூடிவிடும். ஆனால் ரத்த ஓட்டம் மோசமென்றாலோ கிருமி உள்ளே இறங்கியிருந்தாலோ முதலில் அதைக் கவனிக்க வேண்டும். செத்த சதையை நீக்குவதும் சர்க்கரையை அடக்குவதும் கூடவே நடக்கணும். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். மஞ்சளும் காபித்தூளும் எந்தப் புண்ணுக்குமே வேண்டாம்.

என் ஆதங்கம் ஒன்று: புதுக் களிம்பு என்றால் ஆராய்ச்சிக்குப் பணம் வரும். வேலூரில் தொழுநோயாளிகளுக்காக உருவான, மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த எம்சிஆர் செருப்பை இன்னும் மேம்படுத்துகிறேன் என்றால் யார் கொடுப்பார்? கோடையில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவதாக நேர்ந்துகொண்டவர்கள் மரத்த காலோடு அதைச் செய்ய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது.

சரி, அப்பா விஷயம். இந்த வாரமே கூட்டிப் போங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், ரத்த ஓட்டத்தையும் சோதிப்பார்கள். புண் ஆறிய பிறகும் தினமும் ராத்திரி இரண்டு உள்ளங்காலிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மறுகாலைவிடச் சூடாக இருந்தால், உள்ளே சதை கன்றத் தொடங்கியிருக்கலாம். மறுநாள் வாக்கிங் வேண்டாம், டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.