விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்: பேருக்கு என்ன அர்த்தம், தமிழ்ல எப்படி சொல்லலாம்

நண்டு, இறால், சிப்பி சரியா வேகாம சாப்பிட்டா வயித்தால போக வைக்கிற கடல் பாக்டீரியா இது, காலராவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். விப்ரியோ லத்தீன், துடிக்கிறது அதிர்றதுன்னு அர்த்தம், மைக்ரோஸ்கோப்ல வளைஞ்ச குட்டிக் கோலா வெடுக்கு வெடுக்குன்னு ஓடும். மிச்சம் கிரேக்கம்: பாரா பக்கத்துல, ஹீமோ ரத்தம், லிட்டிகஸ் சிதைக்கிறது. 1950ல ஒசாகா பக்கம் ஷிராசுங்கிற அவிச்சு அரைகுறையா காயவச்ச பொடி மீன சாப்பிட்டு 272 பேர் படுத்து 20 பேர் செத்தாங்க, அப்ப ஃபுஜினோங்கிற ஜப்பான் ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சாரு. அவரு முதல்ல இத பாஸ்டுரெல்லாங்கிற வேற பாக்டீரியா பேரினத்துல சேத்தாரு, விப்ரியோ பட்டம் அப்புறம்தான்.

ஆனா பேர்ல ரத்தம் இருந்தாலும் கடல்ல கிடக்குற பெரும்பாலான பாராஹீமோலிட்டிகஸால நமக்கு ஒண்ணும் ஆகாது. ரத்த செல்ல உடைக்கிற டிடிஹெச் நச்சோட ஜீன், நோயாளிங்ககிட்ட எடுத்ததுல அதிகம் இருக்கும், கடல் தண்ணில எடுத்ததுல அபூர்வம். அது தனியாவும் வரல, குடல் செல்லுக்குள்ள ஊசி போடுற மாதிரி புரதத்த ஏத்துற கருவியோட ஜீன்களும் சேந்து ஒரே கட்டா குரோமோசோம்ல உக்காந்திருக்கு, அந்தக் கட்டோட டிஎன்ஏ எழுத்து விகிதம் மத்த இடத்தோட ஒத்துப்போகாது, அதனாலதான் வெளியில இருந்து வந்த சரக்குன்னு சொல்றாங்க. இதுக்குப் பேரு பேதோஜெனிசிட்டி ஐலண்ட், தமிழ்ல நோயாக்கத் தீவுன்னா கச்சிதமா இருக்கு.

இந்தத் தீவு எப்படி வந்திருக்கும்? நண்டு, இறால் ஓட்டுல இருக்குற கைட்டின்ல ஒட்டி வளரும்போது விப்ரியோக்கள் சுத்தி மிதக்குற செத்த பாக்டீரியாவோட டிஎன்ஏவ உள்ள இழுத்துக்கும். பரம்பரையா வராம பக்கத்துல வாங்குறதால கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம். மனுஷன் குடல குறி வச்சு வந்த ஜீன்னு நினைக்க வேணாம், கடல்ல தன்னை மேயுற ஒரு செல் உயிரிங்ககிட்ட தப்பிக்க உதவியிருக்கும்னு ஒரு கருத்து இருக்கு. நம்ம வயிறு வழியில மாட்டுனது.

1996ல கொல்கத்தாவுல பாராஹீமோலிட்டிகஸ்ல ஓ3:கே6ங்கிற (செல்லோட மேல்பரப்பு அடையாளத்த வச்சு வச்ச பேர்) வகை திடீர்னு நோயாளிங்ககிட்ட பெருகுச்சு, தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், 1998 வாக்குல டெக்சாஸ், சிலி வரைக்கும் போயிடுச்சு.

முழுப்பேர தமிழாக்கணும்னா 'குருதிசிதை அதிர்கோலி'ன்னு என்னால சொல்ல முடியும், ஆனா உயிரியல் பேர அப்படியே தமிழ் எழுத்துல எழுதிட்டு, குருதிச்சிதைவு, நோயாக்கத் தீவு மாதிரி செயலுக்கான சொல்ல மட்டும் தமிழாக்குறதுதான் சரி.

இதே இனத்துல இன்னொரு கும்பல் வேற ஒரு பிளாஸ்மிட்ட (குரோமோசோமுக்கு வெளிய இருக்குற குட்டி டிஎன்ஏ வளையம்) வாங்கிக்கிட்டு ஆசியாவுல இறால் பண்ணைகள இஎம்எஸ்ங்கிற, இறால் குஞ்சுலயே செத்துப்போற நோயால காலி பண்ணுச்சு, அதுகள்ல பொதுவா டிடிஹெச் கிடையாது.