டீசலா பெட்ரோலான்னு கேக்குறதுக்கு முன்னாடி, வண்டி ராத்திரி எங்க நிக்கும்னு சொல்லுங்க

வாரத்துக்கு ரெண்டு பேராவது பட்டறைக்கு வந்து இதையே கேக்குறாங்க. "அண்ணே, ஏலக்கா தோட்டத்துக்கு ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், டீசல் எடுக்கவா பெட்ரோல் எடுக்கவா?" நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், வண்டி ராத்திரி கீழ போடியில நிக்குமா, இல்ல மலை மேல தோட்டத்துலயே நிக்குமா? என்னடா இந்தாளு வாட்ச்மேன் மாதிரி கேக்குறான்னு பாப்பாங்க. ஆனா புது வண்டியப் பொறுத்தவரைக்கும் இந்தக் கேள்விலதான் பாதி பதில் இருக்கு.

போன ஆடி மாசம் நடந்தத சொல்றேன். சாந்தன்பாறைப் பக்கம் தோட்டம் வச்சிருக்கிற நம்ம போடிக்காரர் ஒருத்தரோட வண்டி, புது டீசல், இன்னும் 5,000 கிலோமீட்டர் கூட ஓடல, ஆக்சிலேட்டர எம்புட்டு மிதிச்சாலும் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல ஏற மாட்டேங்குது, போடிமெட்டுல இருந்து உருட்டிக்கிட்டே இறக்கிக் கொண்டு வந்துட்டாங்க. நான் மொதல்ல ஆயில் ஸ்டிக்கத்தான் உருவிப் பாத்தேன். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நிக்குது. மோந்து பாத்தா டீசல் வாசம். டிரைவர் தம்பிகிட்ட கேட்டா, "மஞ்ச லைட்டு ரொம்ப நாளா எரியுதுண்ணே, வண்டி ஓடுச்சா, அதான் விட்டுட்டேன்"ங்கிறான்.

அந்தப் பையனச் சொல்லி குத்தமில்ல, வண்டி வாங்குறப்ப யாரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கல. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுல இருந்து டீசல் வண்டி சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு. புகையில வர்ற கரிய அது புடிச்சு வச்சுக்கும். ஓரளவு சேந்ததும் என்ஜினே கூடுதலா டீசல் அடிச்சு அந்த வடிகட்டிய 600 டிகிரி வரைக்கும் சூடாக்கி கரிய எரிச்சுடும், இதத்தான் ரீஜெனரேஷன்ங்கிறாங்க. கரி எரியாம அடைக்க ஆரம்பிச்சா அந்த மஞ்ச லைட்டு எரியும். இது ஒழுங்கா முடியணும்னா வண்டி 15, 20 நிமிஷம் நிக்காம ஓரளவு வேகத்துல ஓடணும். இவர் வண்டி என்ன பண்ணுது, பங்களால இருந்து ஏலக்கா ஸ்டோர் 3 கிலோமீட்டர், ஃபர்ஸ்ட் கியர் செகண்ட் கியர்ல ஊந்துட்டுப் போகும், சாவிய அமத்துவாங்க, மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஊரும். எரிக்க ஆரம்பிச்சு பாதில நின்னு, ஆரம்பிச்சு பாதில நின்னு, அதுக்காக அடிச்ச கூடுதல் டீசல் சிலிண்டர் ஓரமா வழிஞ்சு கீழ ஆயில்ல போய்ச் சேந்துடுச்சு. ஆயில் தண்ணியாயிட்டா டர்போவும் பேரிங்கும் என்ன கதியாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இது அந்தளவுக்குப் போகல, தப்பிச்சுது. ஸ்கேனர் மாட்டி, வண்டிய நிக்க வச்சே கரிய எரிச்சு, ஆயிலும் ஃபில்டரும் மாத்தி அனுப்பினோம்.

இப்ப அதே மாதிரி வண்டிய தினம் காலைல போடில இருந்து ஆள் ஏத்திக்கிட்டு, முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாயங்காலம் இறங்குற ஆளும் என்கிட்ட வர்றார். லோடோட அந்த ஏத்தம் ஏறுனா சைலன்சர் நல்லா காஞ்சிடும், கரி எரிஞ்சிடும். அவருக்கு இதுவரைக்கும் அந்த லைட்டே எரிஞ்சதில்ல. அதான் ராத்திரி எங்க நிக்கும்னு கேக்குறேன். மேலயே நின்னு தோட்டத்துக்குள்ள மட்டும் ஊர்ற வண்டின்னா புது டீசல் கொஞ்சம் யோசிச்சுத்தான் எடுக்கணும். எடுத்துட்டீங்களா, வாரம் ஒரு தடவையாவது மெட்டு இறங்கி ஏறிட்டு வாங்க, டிபிஎஃப் வண்டிக்குன்னு சொல்ற ஆயில மட்டும் ஊத்துங்க, வேற ஆயில் ஊத்துனா அதுல விழுற சாம்பல் எரியவே எரியாது. இன்னொண்ணு, மாசி பங்குனியில மலைல புல்லு காஞ்சு கெடக்கும், கரிய எரிச்சு முடிச்ச சூட்டோட வண்டியக் கொண்டு போய் அதுமேல நிப்பாட்டிடாதீங்க.

"எங்கப்பா 30 வருசமா டீசல் ஜீப்தான் ஓட்டுனாரு, ஒரு லைட்டும் எரியல"ம்பாங்க. எப்படி எரியும், அந்த மேஜர், கமாண்டர் ஜீப்புல எரியிறதுக்கு லைட்டே கெடையாதே. அதுல பம்பு, நோசில், அவ்வளவுதான், கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தாலும் இருமிக்கிட்டே ஏறிடும், பூப்பாறைலயோ ராஜாக்காட்டுலயோ நின்னு போனா யாராவது ஒரு சேட்டன் ஸ்பேனர எடுத்துட்டு வந்து ஓட வச்சிருவார். இன்னைக்கு காமன் ரெயில் டீசல்ல ஆயிரத்தி ஐநூறு பாருக்கும் மேல பிரஷர்ல எண்ணெய் போகுது, ஸ்டோர் பின்னாடி டிரம்முல ரெண்டு மாசமா கெடந்த டீசல ஊத்துனீங்கன்னா அதுல எறங்கியிருக்கிற தண்ணியே இன்ஜெக்டர காலி பண்ணிரும். ரெண்டுக்கும் பேரு டீசல்தான், குணம் வேற.

அப்ப பெட்ரோல் எடுத்தா தொல்லையில்லையான்னா, அங்க நானே ஒரு தடவ சறுக்கியிருக்கேன். தோட்டத்துக்குள்ளதான ஓடப்போகுதுன்னு ஒருத்தருக்கு சின்ன பெட்ரோல் ஃபோர் வீல் வண்டிய நான்தான் சொன்னேன். அவர் அதுல ஏலக்கா மூட்டை, உர மூட்டை, ஆளுன்னு ஏத்தி ஏத்தத்துல பாதி கிளட்சுலயே இழுத்திருக்கார், ஒன்னே கால் வருசத்துல கிளட்ச் கருகிப் போச்சு. லோடு எவ்வளவு ஏத்துவீங்கன்னு நான் கேக்கல, அது என் தப்பு. ஆனா இன்னொரு விஷயமும் இருந்துச்சு, அந்த வண்டில இருக்கிற ஃபோர் எல் கியர, அதான் நாலு சக்கரமும் மெதுவா பலமா இழுக்குற லோ கியர, அவர் ஒருநாளும் போட்டதே இல்ல, அது சேத்துல மாட்டுனா மட்டும் போடுறதுன்னு நெனச்சிருக்கார். மண்ரோட்டுல செங்குத்தா ஏறணுமா, கெளம்புறப்பவே ஃபோர் எல் போட்டுருங்க. இழுவை ரெட்டிப்பு கிட்ட ஆயிடும், கிளட்ச் மேல கால வைக்க வேண்டிய வேலையே இருக்காது. என்னக் கேட்டா டீசல் பெட்ரோல் வித்தியாசத்த விட இந்தக் கியரு பண்ற வேலை பெருசு.

இழுவைன்னா டீசல்தான்ங்கிறதும் இப்ப பாதிதான் உண்மை. மாருதி ஜிம்னி பெட்ரோல்ல மட்டும்தான் வருது, 1.5 லிட்டர், காத்த அமுக்கிக் குடுக்குற டர்போ கெடையாது, இழுவை 134 என்எம், அதுவும் 4,000 ஆர்பிஎம்ல. டர்போ இல்லாத என்ஜின் 1,000 மீட்டர் ஏறுனா கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு பவர விட்டுரும், போடிக்கும் மெட்டுக்குமே ஏறக்குறைய அம்புட்டு உயரம் இருக்கு. ஆனா வண்டி 1,200 கிலோதான், ஈர மண்ணுல பூன மாதிரி போகும், ஆள் மட்டும் போறதுன்னா அருமையான வண்டி. 2020ல வந்த மகிந்திரா தார் எடுத்துக்கிட்டா 2.2 டீசல் 300 என்எம், 2.0 டர்போ பெட்ரோல் மேனுவல் அதே 300, ஆட்டோமேட்டிக் 320. பெட்ரோல்தான் ஜாஸ்தி! ஃபோர்ஸ் கம்பெனி கூர்க்கா வண்டி வேணும்னா டீசல் தவிர வேற வழியில்ல. 2024ல தார் ராக்ஸ் வந்தப்போ ஃபோர் வீல் டீசல்ல மட்டும்தான் குடுத்தாங்க. அதனால பல பேருக்கு வண்டிய முடிவு பண்ணுனதுமே என்ஜின் தானா முடிவாயிடுது.

இறக்கத்துக்கு டீசல்தான் புடிச்சு நிறுத்தும்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள இருக்கு, கம்ப்ரஷன் ஜாஸ்தின்னு காரணம் சொல்வாங்க. அமுக்குன காத்து ஸ்பிரிங் மாதிரி திரும்ப பிஸ்டனத் தள்ளிடுமே, அத யாரும் யோசிக்கிறதில்ல. பெட்ரோல்ல கால எடுத்தா காத்து போற வாசல், த்ராட்டில், மூடிக்கும், என்ஜின் காத்துக்குத் தவிக்கும், அந்தத் தவிப்புதான் வண்டியப் புடிக்குது. டீசல் லாரிக்கு தனியா எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறதே அதனாலதான். எதுவா இருந்தாலும் ஏறுன கியர்ல இறங்குங்க, நியூட்ரல்ல உருட்டி எண்ணெய் மிச்சம் புடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

காசு கணக்கு. 2012 வாக்குல லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்துச்சு, அப்ப டீசல் எடுக்காதவன் ஏமாளி. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்ட எடுத்ததுல இருந்து அந்த இடைவெளி சுருங்கிருச்சு. பெட்ரோல் 100, டீசல் 92ன்னு வச்சுக்கங்க, மலைல பெட்ரோல் 9 கிலோமீட்டர், டீசல் 12 குடுக்குதுன்னா கிலோமீட்டருக்கு மூணரை ரூபா கிட்ட மிச்சம். மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு 1,700 ரூபா, அது ஒரு தடவ டிபிஎஃப் மக்கர் பண்ணுனாலே போயிடும். மாசம் 2,000 ஓட்டுறவருக்கு 7,000 ரூபா மிஞ்சும், அவர் யோசிக்காம டீசல் எடுக்கலாம். கேரளாவுல எண்ணெய் அடிக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அங்க 2023 ஏப்ரல்ல லிட்டருக்கு 2 ரூபா செஸ் வேற போட்டாங்க, குமுளிக்காரங்க கீழ இறங்கி வந்து நம்ம பக்கம் அடிச்சிட்டுப் போறது சும்மா இல்ல.

பெட்ரோல்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்த உறிஞ்சும். மழைக்காலத்துல மேல பனியும் ஈரமுமா இருக்கிற எடத்துல கால் டேங்கோட வண்டிய ஒரு மாசம் போட்டு வச்சா ஸ்டார்ட் பண்றப்ப மக்கர் பண்ணும். நிறுத்தி வைக்கிறதா இருந்தா டேங்க ரொப்பி வச்சிருங்க. ஓடையில எறங்குறவங்களுக்கு, காத்து போற வழில தண்ணி ஏறுனா ரெண்டு என்ஜினும் போச்சு, டீசல்ல கனெக்டிங் ராடு இன்னும் சீக்கிரம் வளையும். தாருக்கு கம்பெனி சொல்றது 650 மில்லிமீட்டர், அது ஓட்டமில்லாத தண்ணிக்கு.

கடைசியா டெஸ்ட் டிரைவ். ஷோரூம் வாசல்ல இருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு வர்றதெல்லாம் டெஸ்ட் டிரைவ் இல்ல, முந்தல் தாண்டி நாலு வளைவாவது ஏத்திக் காட்டச் சொல்லுங்க, கூட மூணு பேர ஏத்திக்கங்க. முடியாதுன்னு சொன்னா, அதே வண்டிய ரெண்டு வருசமா மேல ஓட்டிக்கிட்டிருக்கிற டிரைவர் யாரையாவது புடிச்சு ஒரு டீ வாங்கிக் குடுத்து, அந்த மஞ்ச லைட்டு எரிஞ்சிருக்கான்னு கேளுங்க.