லுகேமியா கியூட்டிஸ்: 'தோல் புற்றுநோய்' என்று சொல்லாதீர்கள்

பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) அறிக்கையில் 'லுகேமியா கியூட்டிஸ்' என்று வந்தால், வீட்டில் பலர் அதைத் 'தோல் புற்றுநோய்' ஆக்கிவிடுகிறார்கள். மலேசிய மருத்துவமனைக் கவுண்டரில் அதுவே மலாயில் 'கன்செர் கூலிட்' ஆகிவிடுகிறது. இரண்டும் வேறொரு நோயின் பெயர். தோல் புற்றுநோய் தோலின் செல்களிலேயே பிறப்பது. இதுவோ எலும்பு மஜ்ஜையில் பிறந்த செல்கள் தோலுக்குள் வந்து குடியேறுவது. மலாயில் சொல்வதானால் 'கன்செர் டாரா' (இரத்தப் புற்றுநோய்) என்றே தொடங்குங்கள்.

கிரேக்கத்தில் 'லியூகோஸ்' வெள்ளை, 'ஹைமா' இரத்தம். ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்சோ 1845இல் 'வெள்ளை இரத்தம்' என்று விவரித்த நோய்க்கு 1847இல் 'லுகேமியா' என்ற பெயரை வைத்தார். 'கியூட்டிஸ்' லத்தீனில் தோல். நேராக ஒட்டி 'வெண்தோல் நோய்' என்றால் கேட்பவர் வெண்குட்டத்தைத்தான் நினைப்பார். 'தோலுக்குப் பரவிய இரத்தப் புற்று' என்பதிலும் சிக்கல் உண்டு: 'பரவுவது' என்றதும் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து தட்டு, துண்டைத் தனியாக வைத்துவிடுவார்கள். 'இரத்தப் புற்றின் தோல் ஊடுருவல்' என்பதே பொருத்தம். லுகேமியாவுக்கு முன்னால் வரும் 'அக்யூட்' என்பதைத் 'தீவிர' என்கிறோம்; முற்றிய கட்டம் என்று பொருளில்லை, வேகமாக வளர்வது என்றே பொருள்.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? கடலைப் பருப்பு முதல் மொச்சைக் கொட்டை அளவில் தடிப்புகள், முடிச்சுகள். பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. பாடநூல் படங்களில் சிவப்பு, ஊதா என்று தெரிவது நம் மாநிறத் தோலில் நாவற்பழக் கறுப்பாகவோ சாம்பல் பூத்த பழுப்பாகவோ இருக்கும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள், கெட்டியாகத் தட்டுப்படும். கால்களில் அதிகம், கை, முதுகு, முகத்திலும் வரலாம். மோனோசைட் (ஒரு வகை வெள்ளையணு) வகை அக்யூட் லுகேமியாவில் இது கூடுதல். அதில் ஈறும் வீங்குவதுண்டு.

எல்லாப் புள்ளியும் ஊடுருவல் ஆகாது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தால் ஊசிமுனை அளவில் தட்டையான இரத்தப் புள்ளிகள் வரும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாது. கோலாலம்பூரில் காய்ச்சலோடு இதைக் கண்டால் முதலில் டிங்கிதான் நினைவுக்கு வரும், நியாயம்தான். ஆனால் காய்ச்சல் தணிந்து ஒரு வாரம் ஆகியும் தட்டணுக்கள் ஏறாவிட்டால், இரத்த ஸ்மியரை (நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப் பூச்சை) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உறுதி செய்வது பயாப்சிதான். புற்றுச் செல்கள் மேல்தோலைத் தொடாமல், நடுவே மெல்லிய வெற்றுப் பட்டை ஒன்றை விட்டு, அடித்தோலில் குவிந்திருக்கும். மேலாகச் சீவி எடுத்தால் தவறிப்போகும்; 4 மில்லிமீட்டர் 'பஞ்ச்' என்னும் வட்டக் கத்தியால் கொழுப்பு வரை எடுக்கவேண்டும். சில சமயம் இரத்தம் கெடுவதற்கு முன்பே தோலில் தெரிந்துவிடும். அப்போது இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஃபார்மசி களிம்பால் இது போகாது. சிகிச்சை முழு உடலுக்குமான கீமோ; அது வேலை செய்தால் முடிச்சுகள் தட்டையாகிக் கறை மட்டும் மிஞ்சும். மலேசியாவில் இரத்த நோய்களுக்கான தேசியப் பரிந்துரை மையம் அம்பாங் மருத்துவமனை. அங்கே போகும்போது பயாப்சி அறிக்கையோடு, கிடைத்தால் பயாப்சித் துணுக்கு வைத்த கண்ணாடி ஸ்லைடையும் கொண்டு போங்கள்.