கம்பியைச் சுண்டிப் பார்த்துவிட்டு சைக்கிள் வாங்குங்கள்

என் பட்டறை மேசையில் ஒரு பின்சக்கர அச்சு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இந்த ஆண்டில் இது நான்காவது. முதல் மூன்றுக்கும் திட்டிவிட்டுப் புது அச்சு போட்டு அனுப்பினேன். இதற்கு எழுதியே தீர வேண்டும் என்றாகிவிட்டது. அச்சுக்குச் சொந்தக்காரர் இப்போது மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார்.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஆறு கிலோமீட்டர். போக வரப் பன்னிரண்டு. எட்டு மாதத்துக்கு முன் தவணையில் சைக்கிள் வாங்கினார். தடித்த டயர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் ஏழு பல்சக்கர கியர், ஃபிரேம் முழுக்க ஸ்டிக்கர். பிறகு ஒரு கேரியர் மாட்டி, காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கம்பெனிக்குப் போவார். ஓர் இரவு வேலை முடிந்து பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதித்திருக்கிறார். பின்சக்கரம் சாய்ந்து ஃபிரேமில் சிக்கிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஆறு வாரம் கட்டு என்றால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? மகள் அப்போது பின்னால் இல்லை என்பதை மட்டும் அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார்.

முறிந்த அச்சின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பினால் கதை முழுவதும் தெரிகிறது. முக்கால் பங்கு துருவேறிக் கறுத்திருக்கிறது. மிச்சம் சர்க்கரைத் தூள் போல மின்னுகிறது. மின்னுவதுதான் அன்றிரவு முறிந்த பகுதி. கறுத்த இடம் பல நாள்களாகவே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. “இதற்கு முன் ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்டேன். “இரண்டு வாரமாகப் பின் பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசியது அண்ணா. பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்” என்றார். நேற்று வரை உரசாத சக்கரம் இன்று உரசினால் குற்றம் சக்கரத்தில் இருக்கிறது. பிரேக்கைத் தளர்த்தாதீர்கள், சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.

அச்சு ஏன் அங்கே முறிகிறது? விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பல்சக்கரக் கொத்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் வலப்பக்கம் திருகி மாட்டப்பட்டிருக்கும். அதற்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளிப் போய்விடுகிறது. பேரிங்குக்கும் ஃபிரேமுக்கும் இடையே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் அச்சு தாங்குவாரில்லாமல் நிற்கிறது. பத்து மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தண்டு. மேலே ஓட்டுபவர், கேரியரில் ஒரு பிள்ளை, கீழே நம் ஊர்ச் சாலை. நான்கு அச்சும் ஒரே இடத்தில், பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டான வலது கோனை ஒட்டித்தான் முறிந்திருந்தன.

இதோடு போயிருந்தால் பாதி எரிச்சல்தான். ஹப்பைத் துடைத்தபோது இன்னொன்று தெரிந்தது. முப்பத்தாறு கம்பிகளில் பதினொன்று மற்றவற்றைவிடத் தடிமன். 14 நம்பர் கம்பிக்காகப் போட்ட துளைகளை டிரில் வைத்துப் பெரிதாக்கி 12 நம்பர் கம்பியைச் சொருகியிருக்கிறார்கள் (நம்பர் குறையக் குறையக் கம்பி தடிக்கும்). துளைக்கும் விளிம்புக்கும் நடுவே மிஞ்சிய அலுமினியம் நகத்தின் கனம்கூட இல்லை. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரியும்: “கம்பி அடிக்கடி உடைந்தது, கனமான கம்பி போடச் சொன்னேன்.”

இந்தக் கனமான கம்பி என்ற நம்பிக்கைதான் இருபத்திரண்டு ஆண்டாக என் உயிரை எடுக்கிறது. எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா காங்கேயம் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரம் செய்தவர். அந்தச் சக்கரத்தில் ஆரக்கால் ஒரு தூண். குடத்தின் மேல் இறங்கும் பாரத்தை, கீழே நிற்கும் ஆரக்கால் முட்டுக் கொடுத்துத் தாங்கும். அங்கே கனமான ஆரக்கால் நல்ல ஆரக்கால்தான். சைக்கிள் சக்கரத்தையும் நாம் அதே கண்ணால் பார்க்கிறோம். ஆனால் இரண்டு மில்லிமீட்டர் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி அதன் மேல் ஒரு ஆள் உட்கார முடியுமா? வளைந்துவிடும். சைக்கிள் கம்பி தாங்குவது இழுவிசையால். எல்லாக் கம்பிகளும் ரிம்மை நடுவை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் தரையை ஒட்டி இருக்கும் இரண்டு மூன்று கம்பிகளின் இறுக்கம் குறைகிறது. சக்கரம் நகர்ந்ததும் அவை மறுபடி இறுகும், அடுத்தவை தளரும். ஆக, ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 முறை சுற்றும். பன்னிரண்டு கிலோமீட்டர், ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று கணக்குப் போட்டால் 17 லட்சம் முறை.

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி உடைத்திருக்கிறீர்கள் அல்லவா? இதுவும் அதுதான், மெதுவாக நடக்கிறது. நன்றாக இறுகிய கம்பி தளரும்போதும் அதில் மிச்ச இறுக்கம் இருக்கும். ஹப்பில் நுழையும் இடத்தில் உள்ள அதன் வளைவு தன் இடத்தை விட்டு அசையாது. தொளதொளத்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து, மறுபடி வெடுக்கென்று இழுபடும். ஹப்பில் நுழையும் அந்த வளைவில்தான் உடையும். உங்கள் கம்பி எங்கே உடைந்தது என்று பாருங்கள், பத்தில் ஒன்பது அங்கேதான். கம்பி உடைந்ததற்குக் காரணம் அது மெலிந்தது என்பதல்ல, அதையும் அதன் பக்கத்தில் இருப்பவற்றையும் சமமாக இறுக்காமல் விட்டது. அந்தத் தொய்ந்த கூட்டத்தில் ஒரு தடியனைக் கொண்டுவந்து சொருகினால் அடுத்த மாதம் அவன் பக்கத்து வீட்டுக்காரன் உடைவான். இரண்டு மூன்று கம்பி அடுத்தடுத்து உடைந்துவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பக்கத்துக் கம்பிகளை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். கஞ்சத்தனம் இதில் செலவு.

“கோட்டம் எடுத்தாயிற்று, சக்கரம் நேராக ஓடுகிறது” என்பதும் இதே குடும்பத்துப் பொய். ஒரு கம்பியை முறுக்கேற்றிப் பக்கத்துக் கம்பியைத் தொங்கவிட்டும் சக்கரத்தை நேராக்கலாம். நானே சின்ன வயதில் அவசரத்துக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். பாவம் செய்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் முதலில் கம்பியைச் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் வலப்பக்கம் உயர்ந்த சுருதியும் இடப்பக்கம் தாழ்ந்த சுருதியும் இருப்பது இயல்பு. ஒரே பக்கத்திலேயே ஒன்று கிணுங்கி, அடுத்தது பொத்தென்றால் அந்தச் சக்கரத்தை மறுபடி இறுக்கித் தரச் சொல்லுங்கள். புதுச் சைக்கிள்தானே என்று விட்டுவிடாதீர்கள், புதுச் சைக்கிளில்தான் இது அதிகம். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி லேசாகச் சுற்றிவிடுங்கள். நிற்கப்போகும் நேரத்தில், டியூப் வால்வு இருக்கும் பக்கம் பாரத்தால் கீழே இறங்கி, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி அடங்க வேண்டும். நடுவில் சட்டென்று நின்றால் கோன் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டொக்’ என்றால் தளர்ந்திருக்கிறது. இரண்டும் ஹப்பைத் தின்றுவிடும். விற்பனைப் பையன் உங்களை விநோதமாகப் பார்ப்பான். பார்க்கட்டும்.

கம்பிகளை எண்ணுங்கள். வேலைக்குப் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 36 இருக்கட்டும். அழகுக்காக இருபது, இருபத்து நான்கு என்று வருகின்றன. கேரியர் மாட்டுகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். பழைய 28 அங்குல ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். பாரம் பின்னால்தான் இறங்குகிறது என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பால் கேனும் சிலிண்டரும் ஏற்றி ஓடிய சக்கரங்கள் அவை. கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டான நிப்பிள் பித்தளையாக இருக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் இருக்கும் ஊரில் பித்தளையின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை. ரிம் இரட்டைச் சுவர் கொண்ட அலுமினியம் என்றால் நல்லது. குரோம் பூசிய இரும்பு ரிம் உறுதிதான், ஆனால் மழையில் ரப்பர் கட்டை அதைப் பிடிக்காது.

கியர் வேண்டுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். சமதரையில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒற்றைப் பல்சக்கரம் போதும். அதில் பேரிங் ஃபிரேமை ஒட்டி வந்துவிடும், அச்சு பிழைக்கும். பாலமும் மேடும் உள்ள வழி, கியர் வேண்டும்தான் என்றால் பல்சக்கரங்களைத் திருகாமல் சொருகி மாட்டும் கேசட் ஹப் உள்ளதாகப் பாருங்கள். ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் பாணி கேசட் ஹப்பில் வலது பேரிங் வெளி ஓரம் வரை வந்திருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் சாவி மாட்டும் பல்வெட்டு வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். வளையம் அசையாமல் பற்கள் மட்டும் சுற்றினால் திருகி மாட்டும் வகை. இதற்கு யாரிடமும் பொறியியல் பட்டம் கேட்கமாட்டார்கள்.

பேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. “சீல்டு பேரிங் அண்ணா, ஆயுளுக்கும் தொட வேண்டாம்” என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள். சீல்டு என்றால் எந்த சீல்? இருபுறமும் ரப்பர் மூடியுள்ளது 2ஆர்எஸ். தகர மூடியுள்ளது இசட்இசட். அது தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ரப்பர் மூடி நல்ல பொருள்தான், தேய்ந்தால் எண்ணைச் சொல்லி பேரிங் கடையில் வாங்கி மாற்றிவிடலாம். அதற்காகக் குண்டுகள் உருளும் கிண்ணமான கப்பும் கோனும் உள்ள பழைய பாணி ஹப்பை மட்டமாக நினைக்க வேண்டாம். ஷிமானோ இன்றும் அந்த வகை ஹப்களைச் செய்கிறது. அதைத் திறக்கலாம், துடைக்கலாம், கிரீஸ் வைக்கலாம். பின்ஹப்பில் பக்கத்துக்குக் கால் அங்குல பால்ரஸ் குண்டுகள் ஒன்பது, முன்னால் பக்கத்துக்குப் பத்துச் சிறிய குண்டுகள். ஓவராயிலிங் செய்பவர் பழைய குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கோன் தேய்ந்தால் இரண்டு மூன்று டீ விலையில் புதுக் கோன் வந்துவிடும். கப்பில் குழி விழுந்தால், பல அலுமினிய ஹப்களில் கப்பைத் தனியாக மாற்ற வழியில்லை. ஹப்பே போய்விட்டது, கம்பிகளையெல்லாம் அவிழ்த்துச் சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்த கையோடு, கிரீஸ் மாற்றிவிட்டால் அந்த நாளே வராது.

வாட்டர் சர்வீஸ் கடையில் சைக்கிளை நிறுத்தி, பைக்குக்கு அடிக்கும் அதே குழாயை ஹப்புக்கு நேராகப் பிடிக்கிறவர்களை என்ன செய்யலாம்? எந்த சீலும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. சென்ற தீபாவளிக்கு முன் அப்படிக் குளித்து வந்த சைக்கிள் ஒன்றின் ஹப்பைத் திறந்தேன். உள்ளே கிரீஸ் இல்லை, புளிக்கரைசல் இருந்தது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. போதும். மண்ணெண்ணெயையும் ஸ்பிரே எண்ணெயையும் ஹப்புக்குள் விடாதீர்கள், அது கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும்.

டெய்லரின் சைக்கிளுக்கு 36 துளை கேசட் ஹப் வைத்து, எல்லாமே 14 நம்பர் துருப்பிடிக்காத கம்பியாகப் போட்டுப் பின்சக்கரம் கட்டிக் கொடுத்தேன். கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தி, மறுபடி சுண்டிப் பார்த்து, மறுபடி இறுக்கி, ஒரு மாலை முழுக்க ஓடிப்போயிற்று. அவர் தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனான். அண்ணனுக்குக் கை சரியாகும் வரை அவன்தான் ஓட்டுகிறான். புதுச் சக்கரத்தின் கம்பிகள் இடம்பிடித்து உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும், மூன்று வாரம் கழித்துக் கொண்டு வா, ஐந்து நிமிட வேலைதான் என்று இரண்டு முறை சொன்னேன். அந்த மூன்று வாரம் போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. தம்பி, இதைப் படித்தால் வந்துவிடு. காசு வேண்டாம்.