திண்ம மை பிரிண்டரின் டிரம்மைச் சுரண்டாதீர்கள்

மெழுகு போன்ற மைக்கட்டியை உருக்கி அச்சிடும் திண்ம மை பிரிண்டர்களைப் பழுது பார்க்கப் போகும்போது நான் அடிக்கடி காண்பது டிரம்மின் (தாளுக்குப் போகும் முன் மை விழும் உருளையின்) மேலுள்ள கீறல். தாள் சிக்கியிருக்கும், அல்லது பக்கத்தில் கறை விழுந்திருக்கும். யாரோ முன்கதவைத் திறந்து, டிரம்மில் மெழுகு ஒட்டியிருப்பதைப் பார்த்து, ஸ்கேலாலோ பேனாக் கத்தியாலோ சுரண்டியிருப்பார்கள். அந்த மெழுகை அப்புறப்படுத்தும் வேலையை இயந்திரம் தானே செய்துகொள்ளும். கீறல் விழுந்த டிரம்மை மட்டும் அது சரிசெய்துகொள்ளாது. ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் கோடு வரும். பிறகு டிரம்மையே மாற்ற வேண்டும். பல சமயம் அதற்காகும் செலவைப் பார்த்து இயந்திரத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

1991-இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஃபேசர் 3 என்ற திண்ம மை பிரிண்டர் மையை நேராகத் தாளின் மேல் தெளித்தது. டிரம் வழியாக அச்சிடும் முறை அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. 2000-இல் டெக்ட்ரானிக்ஸின் வண்ண பிரிண்டர் பிரிவு ஜெராக்ஸ் வசம் போனது. ஃபேசர் 8400, 8560, கலர்கியூப் எனப் பின்னால் வந்தவையெல்லாம் டிரம் முறையில் இயங்குபவை. மெழுகு போன்ற மைக்கட்டி 100 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகி, அச்சுத்தலையின் நுண்துளைகள் வழியாகச் சுழலும் அலுமினிய டிரம்மின் மேல் தெறிக்கிறது. டிரம் பல சுற்றுகள் சுற்றியதும் முழுப் படம் அதன் மேல் உருவாகிவிடும். பிறகு சூடாக்கிய தாளை ஒரு ரோலர் டிரம்மோடு அழுத்த, ரப்பர் முத்திரை பதிவதுபோல மொத்தப் படமும் ஒரே அழுத்தில் தாளுக்கு மாறுகிறது.

மை அப்படி முழுதாக மாறுவதற்குக் காரணம் டிரம்முக்கும் மைக்கும் இடையே இருக்கும் சிலிகான் எண்ணெய்ப் படலம். சுத்தம் செய்யும் பகுதி என்று பலர் நினைக்கும், கழற்றி மாற்றக்கூடிய மெயின்டனன்ஸ் கிட்டின் முதல் வேலை எண்ணெய் பூசுவதுதான். அதில் எண்ணெய் ஊறிய ஒரு ரோலரும், ரப்பர் போன்ற மெல்லிய விளிம்புடைய ஒரு பிளேடும் இருக்கின்றன. படம் வரையத் தொடங்கும் முன் இரண்டும் எழுந்து டிரம்மைத் தொடும். ரோலர் எண்ணெயைத் தாராளமாகப் பூசும். பின்னால் வரும் பிளேடு மிகுதியை வழித்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய, சீரான படலத்தை மட்டும் விட்டுவைக்கும். வழித்த எண்ணெய் கிட்டுக்கே திரும்பும். பிறகு இரண்டும் விலகிக்கொள்ள, அச்சுத்தலை வேலையைத் தொடங்கும். முந்தைய பக்கத்தில் தாளுக்குப் போகாமல் தங்கிய மைப்புள்ளிகள் இருந்தால், இந்தச் சுற்றிலேயே அவையும் எண்ணெயோடு சேர்ந்து வழிக்கப்பட்டுப் போகும். பூசுவதும் துடைப்பதும் ஒரே அசைவில் நடப்பதால்தான் இரண்டில் ஒன்று கெட்டால் மற்றதும் கெடுகிறது.

எண்ணெய் குறைந்தால் மை டிரம்மைப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அடுத்த பக்கத்தில் முந்தைய படத்தின் மங்கலான சாயல் வரும். எண்ணெய் மிகுந்தால் தாள் பிசுபிசுக்கும், பேனாவால் அதன் மேல் எழுத வராது. பிளேடின் விளிம்பில் காகிதத் தூசியோ மைத்துகளோ சிக்கினால், அந்த ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் தடித்து, தாள் நகரும் திசையில் நீளக் கோடு விழும். இந்தக் கோட்டைப் பார்த்ததும் அச்சுத்தலை அடைத்துவிட்டது என்று எண்ணி, தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் நல்ல மை கழிவுத் தட்டில் போய் உறைவதைத் தவிர எதுவும் நடக்காது. ஒரே ஒரு நிறம் மட்டும் கோடாக விடுபட்டால் தலையைச் சந்தேகியுங்கள். எல்லா நிறங்களும் ஒரே கோட்டில் இழுபட்டால் முதலில் பிளேடைப் பாருங்கள். ஃபேசர் 8400, 8500 வரிசைகளில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து கிட்டை வெளியே இழுக்கலாம். நூல் பிரியாத துணியில் ஆல்கஹால் நனைத்து, பிளேடின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மென்மையாகத் துடைத்தால் போதும்.

டிரம்மில் மை தேங்க இன்னும் இரண்டு வழிகள் உள்ளன; இரண்டிலும் கிட்டின் தவறு எதுவும் இல்லை. ஒன்று, படம் வரைந்து முடித்த தறுவாயில் தாள் சிக்குவது. அப்போது முழுப் பக்கத்து மையும் டிரம்மின் மேலேயே இருக்கும். அவ்வளவு மையைப் பிளேடு ஒன்றே சமாளிக்க முடியாது என்பதால், சிக்கலை நீக்கியதும் பிரிண்டர் ஒரு வெற்றுத் தாளை இழுத்து அந்த மையை அதில் ஒற்றியெடுக்கும். அலங்கோலமாக வெளிவரும் அந்தத் தாளைக் கண்டு பதறி மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். மற்றொன்று, தட்டில் வைத்த தாளைவிடப் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்து அச்சிடுவது. தாள் தொடாத ஓரத்து மை டிரம்மிலும் அழுத்தும் ரோலரிலும் தங்கி, அடுத்து வரும் பக்கங்களின் முதுகில் அப்பும். தாளின் பின்பக்கம் கறை தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது தட்டின் அளவு அமைப்பைத்தான். அதைத் திருத்திவிட்டு, பிரிண்டரின் மெனுவில் கறை நீக்கும் கட்டளையைக் கொடுத்தால், சில வெற்றுத் தாள்கள் உள்ளே போய் மீதி மையை எடுத்து வந்துவிடும்.

ஒவ்வொரு தாளும் போகும்போது சிறிது எண்ணெயையும் எடுத்துக்கொண்டுதான் போகிறது. அதனால் கிட்டின் ஆயுளைப் பக்கக் கணக்கில் சொல்கிறார்கள்: ஃபேசர் 8400, 8560 போன்றவற்றுக்குச் சாதாரண கிட் 10,000 பக்கம், நீண்ட ஆயுள் கிட் 30,000 பக்கம். எண்ணிக்கை முடிந்த கிட்டில் கைக்குக் கிடைத்த இயந்திர எண்ணெயை ஊற்றி ஓட்டும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். படலத்தின் தடிமனைத் தீர்மானிப்பதில் எண்ணெயின் பாகுத்தன்மைக்கும் பங்கு உண்டு. அது மாறினால் பிளேடு வழித்துவிடும் அளவும் மாறும். தவறான எண்ணெய் டிரம்மோடு நிற்காமல் அழுத்தும் ரோலர் வரை பரவிவிடும். அதன் பிறகு புதிய கிட் போட்டாலும் பல பக்கங்களுக்குத் தெளிவு திரும்பாது.

கழற்றிய கிட்டைச் சாய்க்காமல் பிடித்து, உடனே பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். சிலிகான் எண்ணெய் ஒரு துளி தரையில் சிந்தினாலும் கால் வழுக்கும். தண்ணீரால் துடைத்தால் அது போகாது. கிட்டைத் தொட்ட விரலால் தாள் தட்டையோ தாளை இழுக்கும் ரப்பர் ரோலரையோ தொட வேண்டாம். எண்ணெய் பட்ட ரப்பர் தாளைப் பிடிக்காமல் நழுவும்.