பீரோவில் இருப்பது துணிமணியா, சரக்கா?

தீ, வெள்ளம் என்று இழப்பீடு கேட்கும் இடங்களுக்குப் போய்ச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வேலை எனக்கு. முன்பெல்லாம் கடைக்கும் கிடங்குக்கும் போவேன். இப்போது அடிக்கடி வீடுகளுக்கே போக வேண்டியிருக்கிறது.

சேலத்தில் ஒரு மாடி வீடு. இளம்பிள்ளையில் சரக்கெடுத்து வாட்ஸப்பில் புடவை விற்கும் அம்மா ஒருவர். அயர்ன் பாக்ஸ் ஒயரில் பற்றிய தீ படுக்கையறையைத் தாண்டவில்லை. ஆனால் சரக்கு மொத்தமும் அந்த அறையில்தான் இருந்தது, கட்டிலுக்கடியில், பரணில், பீரோவில். பாலிதீன் கவர் உருகி, புடவைகள் பாளம் பாளமாக ஒட்டிக் கிடந்தன. "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார், பொருளுக்கும் சேர்த்துத்தான்" என்று பாலிசியை நீட்டினார்.

அவர் சொன்னது பொய்யில்லை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி அது. கட்டடத்துக்கு 30 லட்சம் எடுத்தால், வீட்டுப் பொருள்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 6 லட்சம், கேட்காமலே சேர்ந்துவிடும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். ஆனால் அந்த 6 லட்சம் அவர் உடுத்தும் புடவைக்குத்தான், விற்கும் புடவைக்கு இல்லை. கட்டில், பீரோ, ஏசி, சொந்தத் துணிமணி எல்லாவற்றுக்கும் எழுதினேன். சரக்குக்கு ஒரு ரூபாய்கூட எழுத வழியில்லை. அதிலும் ஒரு பங்கு, விற்றுப் பணம் கொடுங்கள் என்று நெசவாளர் நம்பிக் கொடுத்த சரக்கு. அவருக்கு யார் பதில் சொல்வது?

தொழில் சரக்குக்கு வேறு பாலிசி எடுக்க வேண்டும். ஓரிடத்தில் இருக்கும் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ளவர்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' இருக்கிறது. பெயரைப் பார்த்து மில் முதலாளிக்கானது என்று ஒதுங்கிவிடாதீர்கள், இரண்டு தையல் மெஷினும் நாலு லட்சம் சரக்கும் வைத்திருப்பவருக்கும் இதேதான். குடியிருக்கும் வீட்டிலேயே தொழில் நடக்கிறது என்பதை, பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்கும் ப்ரொபோசல் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். வீட்டு பாலிசி கொடுத்த கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிரீமியம் ஏறும் என்று ஏஜென்ட்டே சிலசமயம் "சொல்ல வேண்டாம்" என்பார். கிளெய்ம் அன்று அவர் போனை எடுக்க மாட்டார்.

அடுத்தவர் பொருள் உங்களிடம் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பிளவுஸ் தைக்க வந்த பட்டுத்துணி, திருப்பூர்ப் பக்கம் ஜாப் ஒர்க்குக்கு வந்த கட் பீஸ் எல்லாம் இதில் வரும். பெரும்பாலான பாலிசிகளில் நான் காணாத வரி இதுதான்.

தொகையைக் குறைத்துப் போடுவது இன்னொரு வம்பு. 10 லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு 5 லட்சத்துக்கு எடுத்திருந்தால், சேதத்திலும் பாதிதான் கிடைக்கும், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் கணக்காகும். இந்த சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதம் வீட்டில் ஏறும் சரக்கு அந்த 15-க்குள் நிற்குமா? வழக்கமான மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் போதாது.

திருட்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீயோ வெள்ளமோ நடந்து 7 நாளுக்குள் அதையொட்டித் திருடு போனால்தான் இதில் வரும். பூட்டை உடைத்து எடுத்துப்போனால் அதற்கு பர்க்லரி பாலிசி தனி.

வீட்டில் பலகாரம் போடுபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுப்பில் எந்த சிலிண்டர்? 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதே விதிமீறல். விபத்து என்றால் விசாரணை முதலில் அங்கேதான் போகும்.

பில்லுக்கு வருவோம். அந்த அம்மாவிடம் இருந்தது துண்டுச்சீட்டும் ஜிபே விவரமும்தான். சரக்கு பாலிசியே இருந்திருந்தாலும் மதிப்பை நிரூபிக்கப் பெரும்பாடு பட்டிருப்பார். கொள்முதல் பில்லைப் படமெடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள், மாதம் ஒருமுறை சரக்கை வீடியோ எடுங்கள். கணக்கு நோட்டைச் சரக்கோடு ஒரே பீரோவில் பூட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். சேதமானதை சர்வேயர் பார்க்கும்வரை குப்பையில் போட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு, நாற்றம் தாங்காமல் நனைந்த சரக்கை வெளியே எறிந்துவிட்டவர்களுக்கு எதைக் காட்டி நான் எழுதுவது?

கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியிடமே எழுத்தில் முறையிடுங்கள். அங்கேயும் மறுத்தால், அல்லது ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அதிலிருந்து ஓராண்டுக்குள், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனின் தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகத்துக்குச் சென்னையில் புகார் கொடுக்கலாம். தனி உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் அங்கே போக முடியும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.