வீட்டுக்குள் ஆன்டெனா: பூஸ்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆன்டெனா வழியாகப் பார்க்கும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் விட்டு விட்டு வந்தால் பலரும் உடனே சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. அறைக்குள் ஆன்டெனா எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். மோசமாவது கண்ணுக்கே தெரியும். டிஜிட்டலில், சிக்னலில் வரும் பிழைகளை டிவி தானே திருத்திக்கொள்ள முடியும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் படம் உறைந்துவிடும். "நேற்றுவரை நன்றாகத்தானே வந்தது?" என்றால், நேற்றும் அது விளிம்பில்தான் நின்றிருக்கும்.

அதனால் படத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பிப் பயனில்லை. டிவி மெனுவில் சிக்னல் விவரப் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலான டிவிகளில் வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். தரத்தைக் கவனியுங்கள். வலிமை நிறைய இருந்தும் தரம் ஆடினால், எதிரொலித்த அலைகளோ மின் இரைச்சலோ கலக்கின்றன என்று அர்த்தம்.

டிவி ஒலிபரப்பு டவர் இருக்கும் திசையிலுள்ள ஜன்னலருகே, முடிந்த அளவு உயரத்தில் தொடங்குங்கள். ஜன்னலைத் திறந்ததும் தரம் ஏறினால், கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கக்கூடும். அப்போது பக்கத்துச் சுவரே மேல். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் கலப்பதால் ஒரே அறையில் 15 சென்டிமீட்டர் தள்ளினாலே நிலைமை மாறும். பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, விலகி நின்று, சில நொடி காத்திருந்து அளவைப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் உடலே அளவை மாற்றும்.

ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து வருகின்றன. சில சேனல்கள் மட்டும் கூட்டமாகக் காணாமல் போனால் சிக்கல் அந்த ஒரு அலைவரிசையில்தான். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஒரு சேனலைச் சோதித்து, இருப்பதில் மோசமானதற்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தட்டையான ஆன்டெனாவை 90 டிகிரி திருப்பியும் பாருங்கள். சில டவர்கள் அலைகளைச் செங்குத்தாக அதிரும்படி ஒலிபரப்புகின்றன. இழுத்து நீட்டும் கம்பிகள் விஎச்எஃப் எனும் குறைந்த அலைவரிசைப் பட்டைக்கானவை. 200 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கம்பி 37 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும். முழுதும் இழுப்பதால் கூடுதல் லாபமில்லை.

அடுத்தது கேபிள். ஆர்ஜி-6 எனும் 75 ஓம் ஆன்டெனா கேபிள் போதும். கனெக்டருக்குள் கேபிளின் வெளிச்சுற்று வலைக்கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் படுத்துவிடும். கடைகளில் கிடைக்கும், சிக்னலைப் பிரித்துத் தரும் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டெசிபெல் தின்றுவிடும், அதாவது பாதிக்கு மேல். தேவையில்லையென்றால் கழற்றுங்கள். மலிவான எல்ஈடி விளக்கு, சார்ஜர், ஆன்டெனாவை ஒட்டி ஓடும் எச்டிஎம்ஐ கேபிள் ஆகியவையும் இரைச்சல் தரலாம். ஒவ்வொன்றாக அணைத்தோ நகர்த்தியோ பாருங்கள்.

பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நீண்ட கேபிளின் இழப்பை ஈடுசெய்யத்தான் அது. அதுவும் ஆன்டெனா பக்கம் இருக்க வேண்டும், டிவி பக்கம் அல்ல. ஒலிபரப்பு டவர் அருகில் இருக்கும்போது பூஸ்டர் போட்டால், டிவிக்குள் சிக்னலை வாங்கும் ட்யூனர் அளவுக்கு மீறிய சிக்னலில் திணறி, தரம் இறங்கும். பூஸ்டர் இல்லாமல் சோதிக்க அதை முழுவதும் கழற்றுங்கள். மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் பல பூஸ்டர்கள் சிக்னலையே மறித்துவிடும். அருகில் மொபைல் டவர் இருந்தால் 4ஜி, 5ஜி வடிகட்டி உதவலாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் "4கே", "டிஜிட்டல்" போன்ற சொற்களுக்கு விலை கொடுக்காதீர்கள். ஆன்டெனா ரேடியோ அலையை வாங்கித் தருகிறது, அவ்வளவே.

இடம் உறுதியான பிறகு மட்டும் சேனல் ஸ்கேன் செய்யுங்கள். சிக்னல் மோசமாக இருக்கும்போது தானியங்கி ஸ்கேன் ஓட்டினால் சில டிவிகள் பழைய பட்டியலையே அழித்துவிடும். இத்தனைக்குப் பிறகும் தரம் நிற்கவில்லையென்றால், அதே ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே பிடித்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் தடை சுவர்தான். வெளிப்புற ஆன்டெனாவுக்கு மாறுவதே வழி.